கடைமடைக்கு எண்ணெய்

தாமிரபரணிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவரிடம் ‘கார்’ என்று சொன்னால், அவர் மனத்தில் முதலில் தோன்றுவது நான்கு சக்கர வண்டியன்று. மேற்கு மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்ய, பாபநாசத்திலிருந்து வரும் நீரை நம்பி ஆனி, ஆடி மாதங்களில் நடும் நெற்பயிரே அவருக்குக் கார். அதனையடுத்து ஐப்பசி மழையோடு தொடங்குவது பிசானம். ஆகவே, “மருமகனோட கார் போச்சாமே” என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம் விசாரித்தபோது, அருகிலிருந்தவர் பயிர் கருகிய செய்தி என்றெண்ணி முகம் வாடியதில் வியப்பில்லை.

போனது பயிரன்று, ஓர் எஞ்சின். அதுவும் எவரையும் ஏற்றிச் செல்லாத, எந்த ஊருக்கும் போய்ச் சேராத ஒரு பந்தயக் காரின் எஞ்சின். இயந்திரங்களை அறியாத பூமியன்று நமது பள்ளத்தாக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஹார்வி சகோதரர்களின் நூற்பாலை பாபநாசத்தருகே ஆற்றுநீரின் விசையைக் கொண்டு இயங்கியது. பேருந்துத் தொழிலில் தமிழகத்திற்கு முன்னோடியாக விளங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1877இல் பிறந்த ஊர் நமது திருக்குறுங்குடிதான். ஆயினும் நம்மவர் அறிந்த இயந்திரங்கள் யாவும் ஏதேனும் ஒரு பயனுக்காக ஓடுபவை: கிணற்று நீரை இறைக்கும், நெல்லைக் குத்தும், மனிதரை ஊர் சேர்க்கும். ஒரே வட்டத்தில் சுற்றிப் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வரும் வண்டியை நாம் என்னவென்று சொல்வது?

என் அக்காவின் மகன் அத்தகைய வண்டி ஒன்றை வைத்திருக்கிறான். இராதாபுரம் பக்கத்தில் காற்றாலைகளைப் பழுது பார்க்கும் பணி அவனுக்கு. வாரத்தில் ஐந்து நாள் கோபுரங்களில் ஏறி இறங்குபவன், மாலைகளையும் விடுமுறைகளையும் அந்தக் காருக்கென்று ஒதுக்கினான். மாருதி எஸ்டீம் வகையைச் சேர்ந்த அந்த வண்டியின் உற்பத்தி 2007இலேயே நின்றுவிட்டது. பழையதாக வாங்கிப் பின்னிருக்கைகளைக் கழற்றினான், வண்டி கவிழ்ந்தாலும் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புக் குழாய்க் கூண்டு ஒன்றை உள்ளே பொருத்தினான், ஸ்பிரிங்குகளை மாற்றினான், இறுதியாக, தரையைக் கவ்விப் பிடிக்கும் பந்தய டயர்களையும் வாங்கினான்.

இதில் அவன் தனியனல்லன். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. வீட்டுக் கொட்டகையில் தம் கையாலேயே திருத்தியமைத்த வண்டிகளோடு அங்கே வந்தவர் பலர். 1990இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஓடுதளம் அமைந்தது. கோவையைச் சேர்ந்த கரிவர்தன், சாதாரண மாருதி எஞ்சினைக் கொண்டே பந்தயக் கார்கள் செய்து, பெருஞ்செல்வர் அல்லாதவருக்கும் இவ்விளையாட்டின் கதவைத் திறந்துவிட்டவர். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள ஓடுதளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2005இல் உலக ஃபார்முலா ஒன் பந்தயத்தில் களமிறங்கிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரரே. இவ்வளவு பெரிய பெயர்களுக்கிடையே, கட்டணம் செலுத்திப் பயிற்சி நாட்களில் மட்டும் ஓட்டிவிட்டு வரும் என் மருமகனைப் போன்றோரும் உண்டு. பரிசு அவர்களுக்கு இல்லை. சென்ற முறையைவிட ஒரு நொடி குறைந்தால் அதுவே அவர்களுடைய பரிசு.

அத்தகைய ஒரு பயிற்சி நாளின் பிற்பகலில்தான் எஞ்சின் பழுதுற்றது. நீண்டதொரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தபோது எண்ணெய் அழுத்தத்திற்குரிய சிவப்பு விளக்கு ஒருகணம் மின்னி அணைந்தது. அடுத்த சுற்றில் மீண்டும் மின்னியது. தொடர்ந்து அடிவயிற்றிலிருந்து, சுத்தியலால் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. அவன் உடனே எஞ்சினை நிறுத்தி, வண்டியை ஓரம் கட்டினான். மதுரை வழியாக, லாரியின் முதுகில் ஓரிரவுப் பயணம் செய்து கார் வண்ணார்பேட்டைக்கு வந்து சேர்ந்தது.

அவன் நம்பும் மெக்கானிக் ஒருவர் அங்கே இருக்கிறார். சிறு வயதிலேயே பேருந்துப் பட்டறையில் தொழில் கற்றவர், அறுபதைக் கடந்தவர். எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி. எஞ்சினை இறக்கிய அன்று நானும் உடனிருந்தேன். “எவ்வளவு செலவாகும் அண்ணாச்சி?” என்று மருமகன் கேட்டான். “நோய் என்னன்னு தெரியாம மருந்துக்கு விலை கேக்கலாமா தம்பி?” என்றார் அவர். அதன்பின் அரை நாள் அவர் பேசவேயில்லை.

பழுது பார்த்தல் வேறு, பழுதைப் படித்தல் வேறு என்பதை அன்று நான் கண்டேன். கோவையின் ஜி.டி. நாயுடு, இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடமிருந்து மோட்டார் சைக்கிளை வாங்கி, அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மீண்டும் பூட்டியே இயந்திரக் கல்வி பெற்றார் என்பது யாவரும் அறிந்த செய்தி. அண்ணாச்சியின் முறையும் அதுவே. கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் அது இருந்த வரிசையிலேயே ஒரு பழைய வேட்டியின்மேல் பரப்பினார். எதையும் துடைக்கவிடவில்லை. “அழுக்குலதான் சார் சாட்சி இருக்கு” என்றார். எண்ணெய் வடிகட்டியை வெட்டிப் பிரித்து அதன் மடிப்புகளை வெயிலில் காட்டினார். மீன் செதிள்போல் உலோகத் துகள்கள் மின்னின.

வாசகர்க்கு இங்கே சிறிது விளக்கம் தேவை. அந்த எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள்; ஒவ்வொன்றின் விட்டமும் 74 மில்லிமீட்டர். அவற்றுள் பிஸ்டன்கள் 75.5 மில்லிமீட்டர் மேலும் கீழுமாக ஓடுகின்றன. எஞ்சின் நிமிடத்திற்கு 6000 முறை சுழலும்போது ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நொடியில் 200 முறை நின்று, திசை திரும்பி, மறுபடி விரைகிறது. இந்த உதறலையெல்லாம் ராட் என்னும் இணைப்புத் தண்டு வாங்கி, கிராங்க் எனப்படும் சுழல்தண்டிற்குத் தருகிறது. ராடும் கிராங்கும் சேருமிடத்தில், உடைந்த வளையலின் இரு பாதிகளைப் போன்ற மெல்லிய பேரிங்குகள் இருக்கின்றன. ஆனால் ஓடும்போது உலோகமும் உலோகமும் ஒன்றையொன்று தொடுவதில்லை. தலைமுடியின் தடிமனினும் குறைந்த ஓர் எண்ணெய்ப் படலமே அவ்வளவு சுமையையும் தாங்கி நிற்கிறது. அப்படலம் ஓரிரு கணங்கள் அறுந்தாலும் பேரிங்கின் மென்பூச்சு உருகத் தொடங்கிவிடும்.

மூன்றாம் ராடின் பேரிங் அவ்வாறே உருகிப் போயிருந்தது. கிராங்கின் அந்தப் பகுதி கீறுபட்டிருந்தது. மூன்றாம் சிலிண்டரின் சுவரிலும் கீறல்கள். “அந்த ஒரு பேரிங்கை மாற்றினால் போதாதா?” என்று நான் கேட்டேன். அண்ணாச்சி மற்ற மூன்று ராடுகளின் பேரிங்குகளையும் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அவையும் அதே இடத்தில், அதே வகையில் தேயத் தொடங்கியிருந்தன.

“ஒண்ணு மட்டும் கெட்டிருந்தா அதுல குத்தம் சார். நாலும் ஒரே மாதிரி தேஞ்சிருந்தா குத்தம் மேலே இருக்கு. தண்ணி வரலே.”

எண்ணெய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் தண்ணீர் என்றார். நா தவறியதன்று அது. எஞ்சினின் அடியில் சம்ப் எனும் தொட்டி. அதிலிருந்து பம்ப் எண்ணெயை உறிஞ்சிப் பெருவாய்க்காலில் விடுகிறது. அங்கிருந்து கிளைவாய்க்கால்கள் கிராங்கைத் தாங்கும் மெயின் பேரிங்குகளுக்குப் போகின்றன. அவை நனைந்த பிறகே, கிராங்கின் உள்ளே குடைந்த துளைகள் வழியாக ராட் பேரிங்குகளுக்கு எண்ணெய் சேரும். “ராட் பேரிங்குதான் சார் கடைமடை” என்றார் அண்ணாச்சி.

நம் ஆற்றில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மேலே நீர் சற்றுக் குறைந்தால் தலைமடையில் உள்ளவர் அதை உணர்வதில்லை. அவர் வயலில் பயிர் பசுமையாகவே நிற்கும். கடைமடையில் இருப்பவனின் நிலம்தான் முதலில் வெடிக்கும். அவன் வயலில் தெரியும் வெடிப்புக்குக் காரணம் அவன் வயலில் இல்லை என்பதை நாம் அறிவோம். அந்த எஞ்சினிலும் மெயின் பேரிங்குகள் நலமாகவே இருந்தன.

அப்படியாயின் எண்ணெய் ஏன் வரவில்லை? அளவு குறையவில்லை, பம்ப்பும் கெடவில்லை. அண்ணாச்சி சம்ப்பைக் கழுவித் தரையில் வைத்து, அதில் எண்ணெயை ஊற்றி, மெல்ல ஒருபுறமாகச் சாய்த்துக் காட்டினார். பேருந்து திரும்பும்போது மடியிலுள்ள தூக்குவாளியில் சாம்பார் ஒருபுறம் ஏறுமல்லவா, அதுபோல எண்ணெய் முழுவதும் ஒரு சுவரில் ஏறிக்கொள்ள, உறிஞ்சுகுழாயின் வாய் காற்றில் நின்றது. வளைவில் திரும்பும் வண்டியின் பக்கவாட்டு விசை புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கானால், எண்ணெயின் மேற்பரப்பு ஏறத்தாழ 18 பாகை சாயும். சாலையில் நாம் அதற்குமேல் போவது அரிது. விசை புவியீர்ப்புக்கு நிகரானால் சாய்வு 45 பாகை. சாலைக்கென்று செய்த சம்ப் அதை எதிர்பார்ப்பதில்லை.

அவ்வளவு விசையை எட்டச் செய்தவை எவை? அந்தப் புதிய டயர்கள்தாம். பழைய டயர்கள் வழுக்கியிருக்கும். வழுக்கியதாலேயே எஞ்சின் பிழைத்திருந்தது. புதியவை தரையை விடாமல் பிடித்தன. வண்டி முன்னிலும் வேகமாக வளைவைக் கடந்தது. எண்ணெய் சுவரில் ஏறியது. டயரில் குறையில்லை. எஞ்சினிலும் குறையில்லை. ஓரிடத்தில் கூட்டிய வலிமை, ஒருவரும் கேளாமலேயே மற்றோரிடத்தில் கடனாக எழுதப்பட்டுவிட்டது. அக்கடனைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு, பேசவே தெரியாத கடைமடையின்மேல் விழுந்தது.

இனி என்ன செய்வது? மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, பழைய இரும்புக் கடையில் வேறோர் எஞ்சினை வாங்கிப் பொருத்துவது. செலவு குறைவு, ஒரு வாரத்தில் வண்டி ஓடும். ஆனால் சம்ப்பும் அதே, வளைவும் அதே, டயரும் அதே. இரண்டாவது, மருமகன் நெடுநாள் கனவு கண்ட வழி. எஞ்சினை எப்படியும் பிரித்தாயிற்று. ஆகவே அழுத்தம் மிகுந்த பிஸ்டன்கள், புதிய கேம், 7000 சுழற்சி என்று பெரிதாகவே கட்டிவிடுவது. அதற்கான பட்டியல் அவன் கைப்பையில் ஆயத்தமாக இருந்தது. அண்ணாச்சி அதை மறுக்கவில்லை. ஒரு கணக்கு மட்டும் சொன்னார். பிஸ்டனின் உதறல் வேகத்தின் வர்க்கமாகப் பெருகும். 6000 என்பது 7000 ஆனால் வேகம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது. ராடின்மேல் விழும் விசையோ 36 விழுக்காடு கூடுகிறது. “இப்பவே கடன்காரன் வாசல்ல நிக்கான் தம்பி. இன்னொரு கடனா?”

மூன்றாவது வழி, கடைமடையிலிருந்து தொடங்குவது. அதை அவர் ஒரு நோட்டில் எழுதச் சொன்னார். கிராங்கை 0.25 மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்து, அதற்கேற்ற கூடிய தடிமனுள்ள பேரிங்குகளைப் பொருத்துவது. அதற்குமுன், கிராங்கின் உட்துளைகளையும் எஞ்சினின் எல்லா எண்ணெய் வழிகளையும் அடைப்பான்களைக் கழற்றித் துகளின்றித் தூர்வாருவது. குடிமராமத்து நடக்காத குளத்தில் நீர் விட்டுப் பயனில்லை அல்லவா? சிலிண்டர்களைக் கீறல் போகும்வரை 74.5 மில்லிமீட்டருக்குக் குடைந்து, அதற்குரிய பெரிய பிஸ்டன்களைப் போடுவது. இதனால் எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 18 கன சென்டிமீட்டர் கூடும். “காயம் குடுத்த கூலி” என்று சிரித்தார் அண்ணாச்சி. சம்ப்பினுள் எண்ணெய் ஒருபுறம் ஓடாதபடி தடுப்புத் தகடுகளும், உறிஞ்சுகுழாயை நோக்கி மட்டும் திறக்கும் சிறு கதவுகளும் வைப்பது. பம்ப்பைப் புதிதாகப் போடுவது. பூட்டுமுன் ஒவ்வோர் இடைவெளியையும் அளந்து எழுதுவது. இவற்றுள் ஒன்றேனும் வண்டியின் வேகத்தைச் சொல்லிக்கொள்ளும்படி கூட்டுவதில்லை. மூடியபின் எதுவும் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. செலவோ இரண்டாவது வழிக்கு அதிகம் குறைந்ததன்று.

மருமகன் அந்த நோட்டோடு வீட்டுக்கு வந்தான். இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கணவரை இளமையிலேயே இழந்தவள். பாளையங்கோட்டையில் பள்ளிக் குழந்தைகளுக்குச் சீருடை தைத்து இவனைப் படிக்க வைத்தாள். மகன் கோபுரத்தில் ஏறுவதை அவள் ஒருவாறு ஏற்றுக்கொண்டாள், அது பிழைப்பு. பந்தயத்தை ஏற்றுக்கொள்ளவில்லை, தடுக்கவும் இல்லை. அவன் ஓடுதளத்திற்குப் போகும் நாட்களில் இரவெல்லாம் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பாள் என்பதை நான் அறிவேன், அவன் அறியான். எஞ்சின் பழுதான செய்தி கேட்டு அவள் முகத்தில் தோன்றியது கவலையன்று, ஆறுதல். இத்தோடு இது முடிந்துவிடும் என்ற நம்பிக்கை.

நோட்டில் இருந்ததை மகன் படிக்கப் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, “வித்துப்போட்டா என்னப்பா?” என்று ஒரே ஒருமுறை கேட்டாள். அவன் தலைகுனிந்து, “சரின்னு சொன்னா வித்துடுதேன்மா” என்றான். சிறிது நேரம் வீட்டில் ஓசையில்லை. அவளோ சரி என்று சொல்லவில்லை. ஒரு சொல்லால் முடித்துவிடக்கூடிய இடத்தில் அவள் அச்சொல்லைச் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எங்களில் எவரும் எதிர்பாராத ஒன்றைக் கேட்டாள்.

“அகல் விளக்குல எண்ணெய் குறைஞ்சா திரி கருகிக் காட்டிக் குடுக்கும். இதுல எண்ணெய் வரலேன்னா ஒனக்கு யாரு சொல்லுவா?”

சிவப்பு விளக்கு இருக்கிறது என்றான் மகன். சொல்லும்போதே அவன் குரல் தாழ்ந்தது. ஏனெனில் அந்த விளக்கு, அழுத்தம் ஏறத்தாழ அற்றுப்போன பின்புதான் எரியும். வெள்ளம் வடிந்தபின் அடிக்கும் தண்டோராவைப் போன்றது. நோட்டின் பக்கங்களில் பம்ப் இருந்தது, பேரிங் இருந்தது, தடுப்புத் தகடு இருந்தது. கடைமடையில் வறட்சி தொடங்கும்போதே தலைமடைக்குச் செய்தி சொல்லும் ஒன்று மட்டும் இருக்கவில்லை. எஞ்சினைப் பற்றி ஏதும் அறியாத ஒருத்தி, அறிந்த மூவர் கண்ணுக்குப் படாததைக் கண்டாள். அவள் அதைக் கண்டதன் காரணம் எனக்குத் தெரியும். வறட்சியை வெளியே சொல்லாமல் தாங்கிக்கொண்டிருப்பது என்னவென்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அதைக் கேட்ட அண்ணாச்சி தலையசைத்தார். நோட்டின் முதற்பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு வரி சேர்க்கப்பட்டது: எண்ணெய் அழுத்தமானி ஒன்று, ஓட்டுபவரின் நேர்ப்பார்வையில், அழுத்தம் குறையத் தொடங்கும்போதே எரியும் பெரிய விளக்கு ஒன்று. கேம், உயர் அழுத்தப் பிஸ்டன்கள், 7000 சுழற்சி ஆகிய மூன்றையும் மருமகன் தன் கையாலேயே அடித்தான். சுழற்சி 6000க்குமேல் போகாதபடி தடை வைப்பதாகவும் எழுதினான். வண்டி இனி முன்னிலும் சற்று மெதுவாகவே ஓடும். ஒரு நொடிக்காக வாழ்ந்தவன் ஓரிரு நொடிகளைத் தானாகவே விட்டுக்கொடுத்தான். அவன் பெற்ற பரிசுகளுள் அதுவே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் வீடுகளிலும் நாம் நடத்தும் சிறு சங்கங்களிலும் ஒவ்வொரு நாளும் எதையேனும் கூட்டிக்கொண்டே இருக்கிறோம். மகனுக்கு உயர்ந்த படிப்பு, வீட்டுக்கு ஒரு மாடி, விழாவுக்கு இன்னும் பெரிய பந்தல். கூட்டியது எங்கே கடனாகப் போய்ச் சேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. ஒருநாள் எங்கோ ஒருவர் திடீரென உடைந்து நிற்கும்போது, அவரிடத்தில் என்ன குறை என்று ஆராய்கிறோம். அவரை மாற்றிவிட்டு வேறொருவரை அமர்த்துகிறோம். உடைந்ததை மாற்றுவது எளிது. அதற்கு எண்ணெய் ஏன் போகவில்லை என்று மேலேறிப் பார்ப்பதற்குப் பொறுமையும், பரப்பிவைக்க ஒரு பழைய வேட்டியும் வேண்டும்.

கிராங்க் கடைசலுக்குப் போயிருக்கிறது. பூட்டி முடித்ததும் முதலில் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, தீப்பொறியே இல்லாமல் எஞ்சினைச் சுற்றுவார்களாம். எண்ணெய் எல்லா வழிகளையும் நிறைத்து, மானியின் முள் எழுந்த பிறகே பிளக்கைப் பூட்டித் தீ வைப்பார்கள். அன்றைக்குத் தன்னையும் பட்டறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். அவளுக்கு அந்த முள்ளைப் பார்க்க வேண்டுமாம்.